ஏழு நாடுகளில் ஆடிய கால்கள்

கால்பந்து ஆட்டத்தில் கோல் போடுவதையே முதற்பணியாகக் கொண்டவரை ‘ஸ்ட்ரைக்கர்’ என்கிறார்கள். மற்ற ஆட்டக்காரர்களின் உழைப்பை அளந்து சொல்வது கடினம். ஸ்ட்ரைக்கரின் உழைப்பை ஒரு சிறுவன்கூட விரல்விட்டு எண்ணிவிடுவான். கோல் விழுந்தால் அவர் வீரர். நான்கு வாரம் விழாவிட்டால் வேண்டாதவர். ஆகவேதான் கால்பந்துச் சந்தையில் மிக அதிகமாக விலை பேசப்படுபவரும், மிக விரைவாகக் கைமாறுபவரும் அவராகவே இருக்கிறார்.

அந்தச் சந்தையில் 16 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்ற ஒருவரின் கதை இது. பிரான்சில் பிறந்த செனகல் நாட்டு முஸ்லிமான டெம்பா பா, பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி, இங்கிலாந்து, துருக்கி, சீனா, சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளில் 11 கழகங்களுக்காக ஆடியவர். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் அவர் பெயரை எவரும் முதலில் சொல்லப்போவதில்லை. ஆயினும் அவருடைய வாழ்வில் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்திகள் சில இருக்கின்றன. நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது.

கதவுகள் திறக்கவில்லை

1985 மே 25 அன்று பாரிஸ் நகரை அடுத்த செவ்ரே என்னும் ஊரில் டெம்பா பா பிறந்தார். செனகலிலிருந்து குடியேறிய குடும்பம். ஏழு பிள்ளைகளில் ஆறாமவர். பிரான்சின் வடகடற்கரைத் துறைமுகமான லு ஹாவ்ரேயில் சிறு சிறு கழகங்களில் பந்து உதைத்து வளர்ந்தார்.

பிரான்சில் பெரிய ஆட்டக்காரராக வரக்கூடியவரை 13, 14 வயதிலேயே இனங்கண்டு, கழகங்கள் தம் பயிற்சிக் கூடங்களில் சேர்த்துக்கொள்வது வழக்கம். டெம்பா பாவை எவரும் அவ்வாறு தேர்ந்தெடுக்கவில்லை. 19 வயதில் அவர் இங்கிலாந்துக்குச் சென்று, வாட்ஃபோர்ட், பார்ன்ஸ்லி ஆகிய கழகங்களில் தம் திறமையைக் காட்டிப் பார்த்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அந்த வயதில் வெறுங்கையோடு திரும்பும் இளைஞர்களில் பெரும்பாலோர் வேறு வேலை தேடிக்கொள்வார்கள்.

அவர் 2005-இல் பிரான்சின் நான்காம் நிலைப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த ரூவான் கழகத்தில் சேர்ந்தார். ஒரே பருவத்தில் 26 ஆட்டங்களில் 22 கோல்கள் போட்டார். அதைக் கண்டு பெல்ஜியத்தின் மூஸ்க்ரோன் கழகம் 2006-இல் அழைத்துக்கொண்டது. அங்கும் தொடக்கம் சிறப்பாகவே அமைந்தது. ஆனால் சில ஆட்டங்களுக்குள்ளாகவே கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. பல மாதங்கள் அவர் ஆட இயலவில்லை. இவ்வளவும் நடந்து முடிந்தபோது அவருக்கு வயது 22.

சிற்றூரிலிருந்து பெருவெளிக்கு

2007-இல் அவரை வாங்கியது ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் கழகம். அவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,000 மட்டுமே. அங்கே இளமையில் பந்து ஆடிய டீட்மார் ஹாப், பின்னாளில் எஸ்.ஏ.பி. என்னும் கணினி மென்பொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிப் பெருஞ்செல்வராய் உயர்ந்து, தம் ஊர்க் கழகத்துக்குப் பொருளுதவி செய்துவந்தார். 2008-இல் அக்கழகம் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் முதன்முறையாக அடியெடுத்து வைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், பருவத்தின் பாதிக்கட்டத்தில், நாட்டின் பெரிய கழகங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் நின்றது. அந்தப் பருவத்தில் டெம்பா பா 14 லீக் கோல்கள் போட்டார்.

இந்த வெற்றியைத் தொடர்ந்து ஷ்டுட்கார்ட் என்னும் பெரிய கழகம் அவரை வாங்க முன்வந்தது. ஆட்டக்காரரை வாங்குமுன் கழகத்தின் மருத்துவர்கள் அவருடைய இதயம், மூட்டு, எலும்பு அனைத்தையும் சோதித்துப் பார்ப்பது வழக்கம். 2009 ஜூலையில் நடந்த அச்சோதனையில் டெம்பா பா தேறவில்லை. பேரம் முறிந்தது. 2011 ஜனவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி கழகம் அழைத்தது. மறுபடியும் மருத்துவச் சோதனை. மறுபடியும் முழங்காலைக் காட்டி மறுப்பு.

பிழைப்புக்காகக் கடல் கடக்கவிருக்கும் மகனின் மருத்துவச் சோதனை முடிவுக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஆர்வம் உண்டு, திறமை உண்டு, உழைக்க மனமும் உண்டு. ஆனால் ஒரு தாளில் எழுதப்பட்ட ஒரு சொல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டுமென்று 2011-இன் தொடக்கத்தில் டெம்பா பா நடந்துகொண்ட முறை பாராட்டத்தக்கதாக இல்லை. ஒப்பந்தம் இருக்கும்போதே அவர் ஹோஃபன்ஹைம் கழகத்தின் பயிற்சி முகாமுக்குச் செல்ல மறுத்தார். தம்மை வளர்த்துவிட்ட கழகத்தோடு கசப்பாகவே பிரிந்தார். வாக்குறுதியைக் காப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. திறமைசாலி செய்தார் என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது.

ஆடினால் கூலி

ஸ்டோக் மறுத்த சில நாள்களில் லண்டனின் வெஸ்ட் ஹாம் கழகம் அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த முழங்காலை நம்பி முழு ஊதியம் தர அதுவும் அஞ்சியது. ஆடும் ஆட்டங்களைப் பொறுத்தே பணம் என்னும் வகையில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. வேலைக்குப் போனால் கூலி, போகாவிட்டால் இல்லை என்னும் நாட்கூலிக்காரரின் நிலை போன்றது அது. அவர் ஏற்றுக்கொண்டார். 12 லீக் ஆட்டங்களில் 7 கோல்கள் போட்டார். எனினும் வெஸ்ட் ஹாம் கடைசி இடத்தைப் பெற்று இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது. மாற்றுத்தொகை எதுவுமின்றி 2011 கோடையில் அவர் நியூகாசில் கழகத்துக்குச் சென்றார்.

நியூகாசிலில் அவர் வாழ்வின் மிகச் சிறந்த பருவம் காத்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் முழுவதும் ஏறத்தாழ ரமளான் மாதமாக அமைந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் கோடைக்காலப் பகல் மிக நீண்டது. நோன்பு 16 மணி நேரத்துக்கும் மேலாக நீடிக்கும். பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் அவரிடமிருந்து கோல் எதுவும் வரவில்லை. நோன்புதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. செப்டம்பர் 24 அன்று பிளாக்பர்ன் அணிக்கு எதிராக அவர் ஒரே ஆட்டத்தில் 3 கோல்கள் போட்டபோது அந்தப் பேச்சு அடங்கியது.

நோன்பு குறித்து அவர் மேலாளர்களிடம் சொல்லிவந்த விடை எளிமையானது: நான் நோன்பு வைப்பேன், என் ஆட்டம் நன்றாக இருந்தால் ஆட விடுங்கள், நன்றாக இல்லையேல் என்னை வெளியே உட்கார வையுங்கள் என்பதே அதன் சாரம். இதில் சலுகை கேட்கும் குரல் இல்லை. சண்டைக்கு நிற்கும் குரலும் இல்லை. தம் கொள்கைக்கு ஒரு விலை உண்டென்றால் அதைத் தாமே செலுத்தத் தயார் என்னும் தெளிவு இருக்கிறது. அலுவலகத்திலும் கல்லூரியிலும் தொழுகைக்கு நேரம் கேட்கத் தயங்கும் நம் இளைஞர்கள் இவ்விடையைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

2011 அக்டோபர் 31 அன்று நியூகாசில் அணி ஸ்டோக் சிட்டியின் மைதானத்துக்குச் சென்றது. பத்து மாதங்களுக்கு முன்பு அவரைத் திருப்பியனுப்பிய அதே ஸ்டோக். அன்றிரவு நியூகாசில் 3-1 என்று வென்றது. மூன்று கோல்களும் டெம்பா பாவுடையவை.

அந்தப் பருவத்தில் அவருடைய லீக் கோல்கள் 16. 2012 ஜனவரியில் பாப்பிஸ் சிஸ்ஸே என்னும் மற்றொரு செனகல் முஸ்லிம் வீரர் அணிக்கு வந்தார். அவர் நடுவில் நின்று கோல் போட வசதியாக டெம்பா பா பக்கவாட்டில் நின்று ஆட வேண்டியதாயிற்று. பிப்ரவரித் தொடக்கத்துக்குப் பின் அவர் கணக்கில் புதிய லீக் கோல் சேரவில்லை. சிஸ்ஸேயோ 14 ஆட்டங்களில் 13 கோல்கள் போட்டார். நியூகாசில் ஐந்தாம் இடத்தைப் பெற்றது.

கோல் போட்டதும் இவ்விருவரும் புல்தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்வார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த நியூகாசில் நகரச் சிறுவர்கள், பூங்காக்களில் பந்து ஆடும்போது தாங்களும் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார்கள். அதன் பொருள் அச்சிறுவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தங்களுக்குப் பிடித்த வீரர்கள் செய்யும் செயல் அச்சத்துக்குரியது அன்று என்பது அவர்கள் மனத்தில் பதிந்திருக்கும்.

உச்சியும் முறிவும்

2013 ஜனவரியில் லண்டனின் செல்சி கழகம் அவரை வாங்கியது. அங்கே பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே உட்கார வேண்டியிருந்தது. எனினும் கிடைத்த நிமிடங்களை அவர் வீணாக்கவில்லை. 2014 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கால்இறுதியில் பாரிஸ் அணிக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக இறங்கி 87-ஆம் நிமிடத்தில் கோல் போட்டுச் செல்சியை அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார். அதே மாதம் 27-ஆம் நாள், 24 ஆண்டுகளாக லீக் பட்டத்துக்காக ஏங்கியிருந்த லிவர்பூல் அணியின் தலைவர் ஸ்டீவன் ஜெரார்ட் சற்றே கால் வழுக்கி விழ, பந்தை எடுத்துக்கொண்டு தனியே ஓடி வலைக்குள் செலுத்தியவரும் டெம்பா பாதான். அவ்வாண்டு லிவர்பூலுக்குப் பட்டம் கை நழுவிற்று.

பின்னர் துருக்கியின் பெஷிக்தாஷ். அடுத்து 2015-இல் சீனாவின் ஷாங்காய் ஷென்ஹுவா. 2016 ஜூலை 17 அன்று ஷாங்காயின் இரண்டு கழகங்கள் மோதிய ஆட்டத்தில், எதிரணி வீரரோடு மோதி விழுந்த அவருடைய இடக்கால் முறிந்து வளைந்ததைக் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு அப்போது வயது 31. இனி அவர் ஆடுவது ஐயமே என்றுதான் பேசப்பட்டது.

அறுவைச் சிகிச்சை, ஊன்றுகோல், மறுபடியும் நடை, மறுபடியும் ஓட்டம். 2017-இல் பெஷிக்தாஷுக்கு இரவல் ஆட்டக்காரராகத் திரும்பினார். மீண்டும் ஷாங்காய், இடையில் துருக்கியின் கோஸ்டெபே, மீண்டும் ஷாங்காய். 2019 ஜனவரியில் இஸ்தான்புல் நகரின் பஷாக்‌ஷெஹிர் கழகத்தில் சேர்ந்தார். அங்கே 2019-20 பருவத்தில் அக்கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாகத் துருக்கி லீக் பட்டத்தை வென்றது. அவ்வணியின் முன்னணியில் நின்று கோல்கள் போட்ட டெம்பா பாவுக்கு அப்போது வயது 35. 2020 நவம்பர் 4 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராகத் தம் பாதி மைதானத்திலிருந்தே பந்தோடு தனியே ஓடிக் கோல் போட்டார். சாம்பியன்ஸ் லீக்கில் அக்கழகத்தின் முதல் கோலும் முதல் வெற்றியும் அன்றுதான் கிடைத்தன. இரண்டு கழகங்களின் மருத்துவர்கள் ஏற்க மறுத்த முழங்கால் அது.

பாரிஸில் ஓர் இரவு

ஆயினும் டெம்பா பாவை உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் போட்ட கோல்களுக்காக மட்டும் அன்று. அவர் ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்த ஓர் ஆட்டமும் அதற்குக் காரணம்.

2020 டிசம்பர் 8. பாரிஸில் பஷாக்‌ஷெஹிர் அணிக்கும் பாரிஸ் அணிக்கும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பஷாக்‌ஷெஹிர் அணியின் உதவிப் பயிற்சியாளர் பியேர் வெபோ, கேமரூன் நாட்டின் முன்னாள் வீரர், நடுவரின் தீர்ப்பை எதிர்த்து ஓரத்திலிருந்து குரல் எழுப்பினார். நடுவர்கள் ருமேனியா நாட்டவர்கள். அவர்களுள் ஓரத்தில் நிற்கும் நான்காம் நடுவர், குரல் எழுப்பியவர் யார் என்பதைத் தலைமை நடுவருக்குத் தம் மொழியில் அடையாளம் காட்டும்போது, வெபோவின் நிறத்தைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்தினார். பார்வையாளர்கள் இல்லாத கொரோனாக் காலம். மைதானத்தின் அமைதியில் அச்சொல் எல்லார் காதிலும் விழுந்தது.

வெபோ கொதித்தெழுந்தார். மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலிருந்து எழுந்த டெம்பா பா நான்காம் நடுவரின் முன்னே போய் நின்றார். வசைமொழி எதையும் அவர் கையாளவில்லை. ஒரு கேள்வியை மட்டுமே வைத்தார். வெள்ளையர் ஒருவரைச் சுட்டும்போது ‘இந்த மனிதர்’ என்றுதானே சொல்கிறீர்கள். கறுப்பர் ஒருவரைச் சுட்டும்போது மட்டும் ‘இந்தக் கறுப்பு மனிதர்’ என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதே அக்கேள்வி. ஒலிவாங்கிகள் அதை உலகெங்கும் கொண்டுசென்றன.

பஷாக்‌ஷெஹிர் ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். பாரிஸ் அணியின் எம்பாப்பே, நெய்மார் உள்ளிட்டோரும் அவர்களோடு வெளியேறினார்கள். சாம்பியன்ஸ் லீக்கில் இப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. மறுநாள் வேறு நடுவர்களுடன் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. இரு அணியினரும் நடுவர்களும் மைதானத்தின் நடுவே முழந்தாளிட்டு நின்ற பிறகே பந்து உருண்டது. பாரிஸ் அணி 5-1 என்று வென்றது. அந்தக் கோல் கணக்கை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

நியாயம் கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ருமேனிய மொழியில் அச்சொல் நிறத்தை மட்டுமே குறிக்கும், இழிவுப்பொருள் கொண்டதன்று என்று விளக்கம் தரப்பட்டது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் விசாரணை, நிறவெறிக் குற்றம் என்று முடிவு கட்டவில்லை. தகாத நடத்தை என்று கூறி, அந்த நடுவரை அப்பருவம் முடியும்வரை விலக்கி வைத்தது. ஆனால் டெம்பா பாவின் கேள்வி அச்சொல்லின் அகராதிப் பொருளைப் பற்றியதே அன்று. ஒருவருக்குப் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, அணிந்திருக்கும் உடை இருக்கிறது. இவ்வளவும் இருக்க, தோலின் நிறம் மட்டும் ஏன் முதலில் கண்ணில் படுகிறது என்பதே அவர் கேட்டது.

இக்கேள்வி அன்று திடீரென்று பிறந்ததும் அன்று. 2018-இல் சீன லீக் ஆட்டமொன்றில் எதிரணி வீரர் தம்மை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாக அவர் முறையிட்டார். அந்த வீரருக்கு ஆறு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. 2020 கோடையில், அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக உலக விளையாட்டு வீரர்கள் குரல் கொடுத்துவந்த வேளையில், சீனாவின் உய்கூர் முஸ்லிம்களுக்காகவும் குரல் எழ வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். சீனாவில் பெரும்பொருள் ஈட்டியவர். அந்நாட்டைப் பகைத்துக்கொண்டால் இழப்பு என்ன என்பதையும் நன்கு அறிந்தவர்.

நம் வீட்டுக்கு ஒரு கேள்வி

2021-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ கழகத்தில் சேர்ந்த டெம்பா பா, அவ்வாண்டு செப்டம்பரில் தம் 36-ஆம் வயதில் ஓய்வை அறிவித்தார். பின்னர் 2023-இல் பிரான்சின் டங்கெர்க் கழகத்தில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். ஒரு காலத்தில் கழகங்களின் வாசலில் காத்து நின்றவர், வாசலில் நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும் இடத்துக்கு வந்தார்.

சந்தை அவரை இரண்டு வகையில் அளந்தது. முழங்காலைப் பார்த்து விலை சொன்னது. சில சமயம் தோலைப் பார்த்துப் பெயர் சொன்னது. முதல் அளவைக்கு அவர் உழைப்பால் விடை தந்தார். இரண்டாவதற்குக் கேள்வியால் விடை தந்தார்.

அக்கேள்வி ருமேனிய நடுவருக்கு மட்டும் உரியதா? மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீது ஏறி நின்று பாங்கு சொல்லும் சிறப்பைப் பெற்றவர் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வளர்க்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் நிகழ்த்திய பேருரை, நிறத்தால் எவருக்கும் உயர்வில்லை என்று அறிவித்ததை மேடைகளில் முழங்குகிறோம். அதே நாம், பெண் பார்க்கப் போகும் வீட்டில் முதலில் விசாரிப்பது எதை? தெருவில் ஒருவரை அடையாளம் சொல்லும்போது ‘அந்தக் கறுப்பு ஆள்’ என்று நம் நாவில் எத்தனை எளிதாக வருகிறது? பள்ளிக்கூடத்தில் நிறத்தை வைத்துக் கேலி செய்யப்பட்டுக் கண்ணீரோடு வரும் குழந்தைக்கு, வெளுப்பாக்கும் பசையை வாங்கித் தந்துதானே சமாதானம் சொல்கிறோம்?

இழிவாகச் சொல்லவில்லை, அடையாளத்துக்காகத்தான் சொன்னேன் என்பதே நம்முடைய விடையாகவும் இருக்கும். பாரிஸ் மைதானத்தில் சொல்லப்பட்ட விடையும் அதுவே.

கால்பந்தை விரும்பும் பிள்ளை நம் வீட்டில் இருந்தால், டெம்பா பா போட்ட கோல்களைக் காட்டுவோம். முறிந்த காலோடு எழுந்து வந்த கதையைச் சொல்வோம். கூடவே, அந்த டிசம்பர் இரவில் இருக்கையை விட்டு எழுந்து அவர் கேட்ட ஒற்றைக் கேள்வியையும் சொல்லிக் கொடுப்போம். அடுத்த முறை நாமே மறந்து ஒருவரை நிறத்தால் குறிப்பிட்டால், நம்மைத் திருத்த அப்பிள்ளைக்கு அச்சமிராது, இன்ஷா அல்லாஹ்.